கோடை பண்பலை துல்லியம், விமானி குரல் கரகரப்பு: ஏன்?

பெருமாள்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கோடை பண்பலை 100.5 எங்கள் ஊரில் அத்தனை துல்லியமாகக் கேட்கிறது. விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வதைச் செய்திகளில் போட்டால் ஒரே கரகரப்பு. அவர்களுக்கும் எஃப்.எம். கொடுத்துவிட்டால் தப்பாகக் காதில் விழுவது நின்றுவிடாதா?”

எஃப்.எம். நிலையங்கள் 108 மெகாஹெர்ட்ஸோடு முடிகின்றன. விமானப் பேச்சு அதற்குச் சற்று மேலே, 118 முதல் 137 வரை. அங்கே எஃப்.எம். வைக்க முடியாது என்பதில்லை. இருந்தும் விமானங்கள் ஏ.எம். முறையில்தான், அதாவது ரேடியோ அலையின் வீச்சை (உயரத்தை) ஏற்றி இறக்கிக் குரலை அனுப்பும் முறையில்தான், பேசுகின்றன. உலகெங்கும் இருக்கும் பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் அழகானது: இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் ஏ.எம். அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வான்பகுதியில் பறக்கும் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. பேசுவதற்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும்வரை உங்கள் ரிசீவர் ஊமை. அதே நொடியில் வேறொருவரும் அழுத்தினாரா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நடுவில் மலை இருந்தால் இன்னும் மோசம். பழனிப் பக்க அடிவாரத்தில் தாழப் பறக்கும் ஒரு ஹெலிகாப்டர், பெரியகுளம் பக்கத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இடையே 2,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை, மலையைச் சுற்றி வளைந்து வராது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காததால், அலைவரிசை காலி என்று நம்பி இருவரும் பொத்தானை அழுத்துவார்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் பயணிகள் விமானத்துக்கோ 400 கிலோமீட்டர் தொலைவு வரை நேர்பார்வை உண்டு. இரண்டு குரலும் அதன் ஆன்டெனாவில் ஒன்றாக வந்து விழும்.

அங்கே நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் 120 மெகாஹெர்ட்ஸில் வைத்தாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒன்று 120.0000, மற்றது 120.0009 என்றால் வித்தியாசம் 900 ஹெர்ட்ஸ். அலைகள் சேரும்போது ஒரு கணம் முகடோடு முகடு கூடி வலுக்கும். அடுத்த கணம் முகடோடு பள்ளம் கூடி அடங்கும். நொடிக்கு 900 முறை இந்த ஏற்ற இறக்கம். ஏ.எம். ரிசீவரின் வேலையே அலையின் வீச்சு ஏறி இறங்குவதை ஒலியாக்குவதுதான். ஆகவே இரண்டு பேரும் பேசாத, இருவரிடமும் இல்லாத ஒரு 900 ஹெர்ட்ஸ் கீச்சொலி அங்கே பிறக்கிறது! இரவில் மீடியம் வேவில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழக்கம்.

எஃப்.எம். ரிசீவர் அலையின் வீச்சை முதலிலேயே ஒரே மட்டமாக வெட்டிவிட்டு, அதிர்வெண் மாறுவதை மட்டும் பார்க்கிறது. மின்னலும் எஞ்சின் இரைச்சலும் பெரும்பாலும் வீச்சைத்தான் கலைக்கும் என்பதால் கரகரப்பு போய்விடுகிறது. ஆனால் இரண்டு அலைகள் வந்தால் வலுவானது மட்டும் ஜெயிக்கும். மற்றது சுவடில்லாமல் மறையும். எஃப்.எம். வாக்கிடாக்கியில் காட்டுக்குள்ளிருந்து இரண்டு வனக்காவலர்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ரேஞ்சருக்கு ஒரு குரல் தெளிவாகக் கேட்கும். இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. வானத்தில் அப்படி நடக்கக் கூடாது. கீச்சொலி கேட்டவர் “பிளாக்ட்” (பேச்சு மறிக்கப்பட்டது) என்று அறிவிப்பார். பேசியவர்கள் ஒவ்வொருவராக மறுபடி சொல்வார்கள்.

மறுபடி சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் டெனரீஃப் தீவு சாட்சி. 1977 மார்ச் 27, மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் கிளம்ப வேகமெடுக்கிறது. அதே ஓடுபாதையில் எதிரே அமெரிக்காவின் பான் ஆம் விமானம். “காத்திருங்கள், கூப்பிடுகிறேன்” என்று கட்டுப்பாட்டாளரும், “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்று பான் ஆம் விமானியும் சொன்னவை மோதிக்கொண்டன. கே.எல்.எம். காக்பிட்டில் சுமார் 4 விநாடி கீச்சொலி. ஏதோ தொலைந்தது என்று கருவி சொல்லிவிட்டது. “மறுபடி சொல்லுங்கள்” என்று அங்கிருந்து யாரும் கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

கரகரப்பைவிட எனக்குப் பயம் தருவது தெளிவாகக் கேட்கும் தவறு. 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் அருகே ஒரு சரக்கு விமானத்துக்கு “டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று உத்தரவு போனது: 2,400 அடிக்கு இறங்கு. ‘டூ’ (two) என்ற எண்ணை, அதே ஒலியுள்ள ‘வரை’ (to) என்று எடுத்துக்கொண்ட விமானி, “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று திருப்பிச் சொன்னார். 400 அடி! கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதியது. 4 பேரும் பிழைக்கவில்லை. எஃப்.எம். இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

இதற்கு மருந்து திருப்பிச் சொல்லும் முறைதான். உயரம், திசை, ஓடுபாதை, அலைவரிசை, உயரமானிக்கான காற்றழுத்த எண் எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டாவது பாதிதான் அடிக்கடி தவறுகிறது. எதிர்பார்த்ததையே காது கேட்டுக்கொள்கிறது. ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டிலும் உயிரொலி ஒன்றே என்பதால் அவற்றை ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என்று சொல்கிறார்கள்.

விபத்துக்கு மறுநாளே தேதியையும் ராசியையும் ஆராய்கிறவர்களை டிவியில் உட்கார வைப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. 1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 உயிர்களைப் பறித்த விபத்துக்குப் பின், மோதலைத் தவிர்க்கும் கருவியை இந்திய வானில் கட்டாயமாக்க வைத்தது விசாரணைதானே தவிர ஜாதகம் அல்ல. நம் ஊர் உச்சரிப்பில் எந்த எண் எதோடு குழம்புகிறது என்று நம் பொறியியல் கல்லூரிகளில் ஆராயப் பணம் ஒதுக்கினால் மனதார வரவேற்பேன்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் மிகத் துல்லியமானவை. வித்தியாசம் சில பத்து ஹெர்ட்ஸுக்குக் குறைந்துவிட்டால், குரலுக்காக 300 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் கடத்தும் ரிசீவரில் அந்தக் கீச்சொலி காதுக்கு வராது. அதனால் தரைநிலைய ரிசீவர்கள் சிலவற்றில், இரண்டு அலைகள் ஒன்றாக வருவதைக் கணக்கிட்டுக் கட்டுப்பாட்டாளரின் திரையில் எச்சரிக்கை காட்டும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள்.