பரங்காய்: படகில் தொடங்கிய ஊராட்சி

பிலிப்பைன்ஸில் புயல் அடித்தாலும் தேர்தல் நடந்தாலும் நம் செய்திகளில் எட்டிப்பார்க்கும் சொல் இது. சிலர் பரங்கே என்று எழுதுகிறார்கள், சிலர் பாரங்கே. இன்னும் சிலர் வம்பே வேண்டாம் என்று 'கிராமம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகாலொக்கில் கடைசி அசை 'காய்' என்றுதான், அதுவும் அழுத்தத்தோடு ஒலிக்கிறது. ஆகவே பரங்காய். பறங்கிக்காய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பொருள் சுருக்கமானது: பிலிப்பைன்ஸின் ஆட்சி அடுக்கில் ஆகக் கீழே இருக்கும் அலகு. மேலே மாகாணம், அதன் கீழ் நகரம் அல்லது முனிசிபாலிட்டி, அதற்கும் கீழே பரங்காய். முனிசிபாலிட்டி என்றதும் நம்மூர் நகராட்சியை நினைத்துக்கொள்ளக் கூடாது. வயல், மலை, மீனவக் குப்பம் எல்லாம் அடங்கிய பரப்பு அது. ஊராட்சி ஒன்றியம் என்றால் ஓரளவு பொருந்தும். விசாயஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள போஹோல் மாகாணத்தை எடுத்துக்கொண்டால் ஒரே ஒரு நகரம், அது தலைநகர் தக்பிலாரன். மற்றபடி 47 முனிசிபாலிட்டிகள். இவை எல்லாவற்றிலுமாக 1,109 பரங்காய்கள். நாடு முழுவதற்கும் கூட்டினால் 42,000க்கு மேல் வரும்.

இந்தச் சொல் பிறந்தது நிலத்தில் அல்ல, தண்ணீரில். 1521இல் மாகெல்லனோடு வந்து பயணக் குறிப்பு எழுதிய பிகாஃபெத்தா, லெய்ட்டே தீவுக்குத் தெற்கே உள்ள லிமசாவா தீவில் குறுநிலத் தலைவர்கள் ஏறிவந்த பெரிய படகுகளை 'பலங்காய்' என்று குறித்துவைத்தார். தெற்கிலுள்ள மிண்டனாவோ தீவின் புதுவான் பகுதியில் 1970களில் இப்படிப்பட்ட மரக்கலங்கள் சேற்றிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, மர ஆணி அடித்து, உட்புறம் செதுக்கிவிட்ட புடைப்புகளில் கயிறு கோத்துக் கட்டியவை. இவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அண்மை ஆய்வுகளின் கணிப்பு.

படகுக்கான பெயர் ஊருக்கு எப்படி வந்தது? இதற்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது ஹுவான் தே பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1589இல் எழுதிய குறிப்பை. தகாலொக் மக்களிடையே தாத்து எனப்படும் தலைவருக்குக் கீழே நூறு வீடுகள் வரை இருந்தன, சில இடங்களில் முப்பதுக்கும் குறைவு, அந்தக் கூட்டத்தின் பெயர் பரங்காய் என்கிறார் அவர். படகில் வந்திறங்கிய குடும்பத்தலைவன் கரையேறியதும் தாத்து ஆகியிருப்பான், படகின் பெயர் கூட்டத்துக்கு நிலைத்திருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். பள்ளிப் பாடம் முதல் மேடைப் பேச்சு வரை இது வரலாறாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒரு சொல் இரண்டு பொருளில் வழங்குவதைக் கண்ட துறவி அவற்றை இணைக்கக் கட்டிய ஊகம் அது. யாரும் வந்திறங்குவதை அவர் பார்க்கவில்லை. படகுக்கும் கூட்டத்துக்கும் பெயர் ஒன்று என்பது வரைதான் உறுதி.

இன்னொன்று, போஹோல் உள்ளிட்ட விசாயத் தீவுகளில் தாத்துவின் ஆட்களுக்கு வழங்கிய பெயர் வேறு. 'சகோப்', 'ஹாஓப்' என்பார்கள். சகோப் என்றால் ஒருவருக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே எல்லைக்கோட்டுக்கு வேலை இல்லை. யார் யாருடைய ஆள் என்பதுதான் கணக்கு, ஆள் இடம் மாறினால் சகோப்பும் இடம் மாறும். ஆக, போஹோல்காரர் இன்று தன் ஊரைப் பரங்காய் என்று சொல்வதே வெளியிலிருந்து வந்த வழக்கம்.

கொண்டுவந்து திணித்தது ஸ்பானிய ஆட்சி. வரி வாங்க ஓர் அலகு தேவைப்பட்டது. ஏற்கெனவே இருந்த தகாலொக் சொல்லைத் தீவுகள் முழுவதற்கும் பொதுவாக்கிக்கொண்டார்கள். தாத்து என்ற தலைவர் 'கபேசா தே பரங்காய்' ஆனார், அதாவது பரங்காயின் தலை. ஏறக்குறைய ஐம்பது குடும்பங்களிடம் திறை வசூலித்துக் கட்டுவது அவர் வேலை. அவருக்குத் திறையும் கிடையாது, கட்டாய உழைப்பும் கிடையாது. ஆனால் வசூல் குறைந்தால் துண்டு விழுந்ததைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். கௌரவம் என்று ஏற்றுக்கொண்டு சொத்தை இழந்தவர்கள் உண்டு. நம்மூர் மணியக்காரர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதவியின் இனிப்பும் கசப்பும் புரியும்.

அந்தக் கபேசாக்களில் ஒருவர்தான் போஹோலின் இனபங்கா ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ தகோஹோய். மதத்தை விட்டு விலகிய ஒருவனைப் பிடித்து வரும்படி பாதிரியார் அனுப்பிய தகோஹோயின் சகோதரர் அந்தச் சண்டையில் செத்துப்போனார். உடலைக் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்ய அதே பாதிரியார் மறுத்துவிட்டார். 1744இல் தகோஹோய் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மலையேறினார். அவர் காலமான பிறகும் கலகம் ஓயவில்லை. 1829 வரை, 85 ஆண்டுகள், பிலிப்பைன்ஸ் வரலாற்றிலேயே மிக நீண்ட கிளர்ச்சியாக அது நீடித்தது. வரி வசூலிக்கத்தான் அரசு அவரைத் தலைவர் ஆக்கியது. மக்கள் அவர் பின்னால் போனதோ பழைய சகோப் முறையில். போஹோலில் இன்று தகோஹோய் என்ற பெயரில் ஒரு முனிசிபாலிட்டியே இருக்கிறது.

ஸ்பானியர் காலத்திலேயே சிற்றூர்களுக்கு 'பார்ரியோ' என்ற பெயரும் வேரூன்றிவிட்டது. அமெரிக்கர் ஆட்சியில் பரங்காய் மறைந்து பார்ரியோ மட்டும் நின்றது. 1959இல் வந்த பார்ரியோ சாசனச் சட்டம், ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் என்ற ஏற்பாட்டுக்கு வழிசெய்தது. பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்தவர் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ்.

எடுத்த விதம் கவனிக்கத்தக்கது. 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. புதிய அரசியலமைப்புக்கு ஒப்புதல் வேண்டும், ஆனால் முறையான வாக்கெடுப்பு நடத்தினால் தோற்கலாம். டிசம்பர் 31 அன்று ஓர் ஆணை மூலம் ஊருக்கு ஊர் 'குடிமக்கள் மன்றங்கள்' உருவாக்கப்பட்டன. பரங்காய் என்ற பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1973 ஜனவரி 10 முதல் 15 வரை கூட்டம் கூட்டி, பெரும்பாலும் கையைத் தூக்கச் சொல்லி, கருத்துக் கேட்டார்கள். 15 வயதுப் பிள்ளைகளும் கை தூக்கலாம். ஜனவரி 17 அன்று வந்த அறிவிப்பில் ஆதரவு 1,49,76,561, எதிர்ப்பு 7,43,869. ஒற்றை இலக்கம் வரை துல்லியம்! தொன்மையான சொல்லுக்கு இருந்த மண்வாசனை, கைதூக்கல் வாக்கெடுப்புக்கு 'இது நம் மூதாதையர் வழி' என்ற மெருகைக் கொடுத்தது. 1974இல் மற்றோர் ஆணை எல்லாப் பார்ரியோக்களையும் பரங்காய்கள் என்று மாற்றியது.

மார்கோஸ் 1986இல் நாட்டைவிட்டு ஓடினார். அவர் வைத்த பெயர் ஓடவில்லை. 1991இல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம் அதே பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றியது. இன்று பரங்காயின் தலைவர் சட்டப்படி 'புனோங் பரங்காய்'. தெருவில் எல்லோரும் கூப்பிடுவது 'கபிதான்', சுருக்கி 'கப்'. அவரோடு 'ககவாத்' எனப்படும் ஏழு உறுப்பினர்கள், இளைஞர் மன்றத் தலைவர் ஒருவர். இவர்கள் கூடும் மன்றம் 'சங்குனியாங் பரங்காய்'. 'சங்குனி' என்றால் கலந்து கேட்பது. அதனால் சிலர் ஆலோசனைக் குழு என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. இந்த மன்றம் யோசனை சொல்லிவிட்டு ஒதுங்குவதில்லை, தன் எல்லைக்குள் விதிகளே இயற்றும். தேசிய வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் போகும் பங்கில் 20 சதவீதம் பரங்காய்களுக்கு உரியது. எல்லைக்குள் கடை திறக்க முனிசிபாலிட்டி உரிமம் தர வேண்டுமானால் முதலில் பரங்காயின் ஒப்புதல் சீட்டு வேண்டும்.

ஒரு சாதாரண வழக்கில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பன்றி தோட்டத்தை மேய்ந்துவிட்டது, அல்லது வாங்கிய கடனைத் திருப்பவில்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் நேராக நீதிமன்றம் போக முடியாது. போனால் வழக்கு திரும்பி வரும். முதலில் கபிதானிடம் போக வேண்டும். அவர் இருவரையும் அழைத்து 15 நாள்களுக்குள் பேசி முடிக்கப் பார்ப்பார். முடியாவிட்டால் ஊர்ச் சமரசக் குழுவிலிருந்து மூன்று பேர் உட்காருவார்கள். வக்கீல் வரக் கூடாது, அவரவரே வந்து பேச வேண்டும். உடன்பாடு எழுதிக் கையெழுத்தான பத்து நாள்களில் யாரும் மறுக்காவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். உடன்படாவிட்டால் 'வழக்குத் தொடரலாம்' என்று ஒரு சான்று கொடுத்து அனுப்புவார்கள். ஓராண்டுக்கு மேல் சிறை அல்லது 5,000 பெசோவுக்கு மேல் அபராதம் விதிக்கக்கூடிய குற்றங்கள் இவர்கள் வரம்புக்குள் வரா. ஆலமரத்தடிப் பஞ்சாயத்து என்று இதை எழுதும் கை, அந்தச் சான்றின் சட்ட மதிப்பை மறந்துவிடுகிறது.

தீவு மாகாணத்தில் பரங்காய்க்குக் கூடுதல் கனம் உண்டு. பக்ளயோன் முனிசிபாலிட்டியின் பமிலகான் தீவு முழுதும் ஒரே பரங்காய். அவசரத்துக்குக் கடலைத் தாண்டித்தான் டவுனுக்குப் போக வேண்டும், கண்ணெதிரே இருக்கும் அரசாங்கம் கபிதான் மட்டுமே. துபிகோன் முனிசிபாலிட்டியைச் சேர்ந்த பதாசான் முதலான குட்டித் தீவுகளின் கதை இன்னும் கடினம். 2013 அக்டோபர் 15 அன்று 7.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் அங்கே தரை தாழ்ந்துபோனது. அதன்பிறகு கடல் ஏற்றம் மிகும் நாள்களில் கடல்நீர் வீட்டுக்குள் வருகிறது. கரைக்கு இடம்பெயருங்கள் என்ற யோசனையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை; வீட்டுத் தரையைப் பவளக்கல் போட்டு உயர்த்திக்கொண்டு அங்கேயே மீன்பிடிக்கிறார்கள். மக்கள் கரையேறிவிட்டால் ஒரு மன்றம், ஒரு கபிதான், ஒரு நிதிப் பங்கு என்று எல்லாமே கேள்விக்குள்ளாகும். பரங்காய் என்ற சொல்லின் முழு எடை அப்போதுதான் தெரியும்.

பிரதிநிதித்துவக் கணக்கும் இதில் பின்னிக் கிடக்கிறது. 1987 அரசியலமைப்பு ஒவ்வொரு மாகாணத்துக்கும் நாடாளுமன்றக் கீழவையில் குறைந்தது ஓர் உறுப்பினர் என்று உறுதி தருகிறது. 2020 கணக்கெடுப்பில் 18,831 பேர் மட்டுமே இருந்த பத்தானெஸ் தீவுகளுக்கும் ஓர் உறுப்பினர். 13,94,329 பேர் இருந்த போஹோலுக்கு மூவர். சிறு தீவுக்கு மாகாணம் என்ற பட்டம் ஏன் அத்தனை முக்கியம் என்பதை இது விளக்கும். தினகாட் தீவுகள் 2006இல் மாகாணமானபோது பரப்பும் போதவில்லை, மக்கள்தொகையும் போதவில்லை என்று வழக்கு வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 2011இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. தீவுகளுக்குப் பரப்பளவு விதியில் விலக்கு உண்டு என்ற வாதம் ஜெயித்தது.

பரங்காயிலிருந்து மாகாண மன்றத்துக்கும் ஓர் ஏணி இருக்கிறது. கபிதான்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் சங்கத் தலைவர் முனிசிபல் மன்றத்தில் பதவி வழி உறுப்பினர். மாகாண அளவிலான சங்கத் தலைவர் மாகாண மன்றத்தில் உறுப்பினர். பரங்காய்த் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கு இடமில்லை என்கிறது சட்டம். ஆனால் வீடு வீடாக வாக்குச் சேர்த்துத் தரக்கூடியவர் கபிதான்தான் என்பதால், ஆளுநர் முதல் எம்.பி. வரை எல்லோரும் அவரைத் தாங்குகிறார்கள். அந்தத் தேர்தல் குறித்த நாளில் நடப்பதும் அரிது. 2016இல் நடக்க வேண்டியது 2018 மே மாதத்தில் நடந்தது, அடுத்தது 2023 அக்டோபரில். 2025இல் வந்த சட்டம் பதவிக்காலத்தை மூன்றிலிருந்து நான்கு ஆண்டாக்கி, தேர்தலை 2026 நவம்பருக்குத் தள்ளியது.

இனி தமிழில் என்ன எழுதலாம்? 'கிராமம்' இடத்தைச் சொல்கிறது, ஆட்சியைச் சொல்லவில்லை. தவிர மணிலா நகரத்தின் நடுவிலும் பரங்காய்கள் உண்டு. 'வார்டு' அல்லது 'வட்டாரம்' என்றால் ஓர் உறுப்பினரை அனுப்பும் தொகுதிதான் நினைவுக்கு வரும், அதற்கெனத் தனி மன்றம் கிடையாது. இலங்கை வாசகருக்காகக் 'கிராம சேவகர் பிரிவு' என்று போட்டால் நியமனம் பெற்ற அலுவலர் வந்து நிற்பார். ஆசைக்குச் சொன்னால், பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் 'குடும்பு' அழகான சொல். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை போட்டார்கள். பகுதி என்ற பொருளும் உறவுக்கூட்டத்தின் சாயலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் இன்றைய வாசகர் அதைக் குடும்பம் என்பதன் அச்சுப்பிழையாகத்தான் படிப்பார்.

எனவே என் தேர்வு 'ஊராட்சி'. ஊரும் உண்டு, ஆட்சியும் உண்டு. போஹோல் போன்ற மாகாணங்களைப் பற்றி எழுதும்போது தயங்காமல் போடலாம். நகரச் செய்தியில் முதல்முறை 'பரங்காய் எனப்படும் அடிமட்ட உள்ளாட்சி' என்று எழுதிவிட்டு, பிறகு பரங்காய் என்றே தொடர்வது நல்லது. படகைக் குறிக்கும்போது மட்டும் 'பலங்காய்' என்று லகரத்தோடு எழுதினால் குழப்பம் வராது. கபிதானைக் 'கேப்டன்' ஆக்கினால் கப்பல்காரர் என்றோ கிரிக்கெட் என்றோ போய்விடும், ஊராட்சித் தலைவர் போதும். 'சங்குனியாங் கபத்தாஆன்' என்பதற்கு 'இளைஞரணி' என்ற சொல் அண்மையில் கண்ணில் பட்டது. அது கட்சியின் கிளை அல்ல. 15 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் வாக்களித்து, 18 முதல் 24 வயதுக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் மன்றம். ஊராட்சி நிதியில் பத்து சதவீதம் அதற்கென ஒதுக்கியாக வேண்டும். இளைஞர் மன்றம் என்று எழுதுங்கள்.