நாலு நாளில் ஒரு வருடம் முடியும் கோள்

கொடைக்கானலுக்கு முதல் தடவை வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மலை ஏறினால் சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறோம்தானே, அப்புறம் ஏன் குளிருது? பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். ஆனால் நல்ல கேள்வி அது. வத்தலகுண்டிலிருந்து நாம் ஏறுவது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரம். சூரியன் இருப்பதோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அந்தத் தூரத்துக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைந்து, காற்று விரிந்து குளிர்கிறது. கிலோமீட்டருக்கு ஆறு டிகிரி போல இறங்கும். குளிருக்குக் காரணம் அவ்வளவுதான்.

பக்கத்தில் போனால் சுடும் என்ற யோசனையில் மட்டும் தப்பில்லை. தூரம் பாதியானால் வந்து விழும் வெப்பம் நாலு மடங்காகும். பத்தில் ஒரு பங்கானால் நூறு மடங்கு. அந்த அளவுக்கும் மேலே போய், தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் பெரிய வாயுக் கோள்களுக்குத்தான் 'சூடான வியாழன்' என்று பெயர். நம் சூரியக் குடும்பத்தில் அப்படி ஒன்று கிடையாது.

முதலில் சிக்கியது 51 பெகாசி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோள். பஞ்சாங்கத்தில் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வருகிறதே, அந்த இரண்டு ஜோடி நட்சத்திரங்களையும் சேர்த்தால் வானத்தில் ஒரு பெரிய சதுரம் கிடைக்கும். பூரட்டாதி ஜோடியை இணைக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, ஏறக்குறைய நடுவில், மங்கலாக இருப்பதுதான் 51 பெகாசி. தொலைவு சுமார் 50 ஒளியாண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் வாரத்தில் நிலா இல்லாத முன்னிரவில் மேற்கு வானத்தில் தேடலாம். கொடைக்கானல் டவுன் வெளிச்சத்தில் கஷ்டம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால், நல்ல கண்ணுக்கு வெறுமனேயே தெரிந்துவிடும்.

கோள் தெரியாது. 1995இல் அதைக் கண்டுபிடித்த சுவிஸ் வானியலாளர்கள் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும்கூட அதைப் பார்க்கவில்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கான உத்தியின் பழைய வடிவம் ஒன்று கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் வண்ணப் பட்டையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். இரும்பு, சோடியம், கால்சியம் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய இடங்களில் கோடுகள் உண்டு. ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியனின் கரும்புள்ளிகளை இப்படித்தான் ஆராய்ந்தார். சூரிய விளிம்பை நோக்கி நகர்ந்திருந்த ஒரு புள்ளியின் குறுக்கே கருவியின் ஒளி நுழையும் மெல்லிய பிளவை வைத்தபோது, கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தன. புள்ளியின் விளிம்புப் பக்கத்து ஓரத்தில் சிவப்பை நோக்கியும், எதிர் ஓரத்தில் நீலத்தை நோக்கியும் விலகல். புள்ளியிலிருந்து வாயு நாலா பக்கமும் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

மேயரும் கெலோவும் பார்த்ததும் கோடுகளின் நகர்வைத்தான், ஆனால் பல மடங்கு நுணுக்கமாக. ஆளும் குழந்தையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினால் குழந்தை பெரிய வட்டம் போடும். பெரியவரும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, சின்னதாக ஒரு வட்டம் போட்டே ஆக வேண்டும். கோள் இழுக்கும் இழுப்பில் 51 பெகாசியும் அப்படி நம்மை நோக்கி வருகிறது, விலகுகிறது. வேகம் நொடிக்கு 56 மீட்டர் போல, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர். இதனால் கோடு நகரும் அளவு, அதன் அலைநீளத்தில் கோடியில் இரண்டு பங்கு. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாது. பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் இருந்த கருவி ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்து அளந்தது. சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நம் பூமியின் நகர்வையும் அதிலிருந்து கழித்தாக வேண்டும்!

கழித்துப் பார்த்தபோது அலைவு 4.23 நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்தது. கோளின் நிறை குறைந்தது வியாழனில் பாதி போல. நம் வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 வருடம் எடுக்கும்போது, இது நாலே கால் நாளில் சுற்றி முடிக்கிறது என்றால் யார் உடனே நம்புவார்கள்? வேறு குழுவினர் சரிபார்த்து உறுதி செய்தார்கள். 2019இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நட்சத்திரத்துக்கும் இந்தக் கோளுக்கும் இடையே சுமார் 78 லட்சம் கிலோமீட்டர்தான். பூமி பெறுவதைவிட ஏறத்தாழ 500 மடங்கு வெப்பம் இதன் மேல் விழுவதால் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் ஓத விசை (கோளின் அருகுப் பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும் ஈர்ப்பு வித்தியாசம்) கோளின் தற்சுழற்சியை அடக்கிவிடும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இதுவும் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று கணக்குகள் சொல்கின்றன. ஒரு பாதியில் விடியவே விடியாது.

பகல் பக்கத்தின் வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். எச்.டி. 189733 பி என்ற கோளில் இதை அளந்திருக்கிறார்கள். காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். அதனால் கோளின் மிகச் சூடான இடம் நட்சத்திரத்துக்கு நேர் எதிரே இல்லாமல் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. இந்தக் கோளில் கண்ணாடி மழை பெய்கிறது என்று செய்திகள் வரும். அந்த மழையை யாரும் அளந்ததில்லை, அது ஊகம். அளந்தது காற்றையும், கோளின் நீல நிறத்தையும்.

1999இல் இன்னொரு வழி திறந்தது. எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தின் ஒளி, கோள் குறுக்கே போகும்போது ஒன்றரை சதவீதம் மங்கி, மூன்று மணி நேரம் கழித்துத் தெளிந்தது. அதைப் பிடித்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. பெரிய கருவி வேண்டும் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க. மங்கல் அளவு கோளின் விட்டத்தைச் சொல்லிவிடும். வியாழனைவிட நிறை குறைவு, விட்டம் மட்டும் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. உப்பிப் போன கோள். அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2021இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அபு மலைத் தொலைநோக்கியின் உதவியுடன் அறிவித்த டி.ஓ.ஐ. 1789 பி என்பதும் இதே ரகம்தான்.

சரி, இவை அங்கே எப்படிப் போயின? பெரிய கோள் வளரத் தேவையான பனிக்கட்டி அவ்வளவு சூட்டில் திரளாது. இவ்வளவு பெரிய கோள் அங்கேயே உருவாவதும் கடினம். தொலைவில் பிறந்து உள்ளே வந்தவை என்பதே பெரும்பாலோர் கருத்து. இளம் நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த, தாங்கள் பிறந்த வாயுத் தட்டிலேயே மெல்ல நகர்ந்து வந்திருக்கலாம். அல்லது வேறு கோளின் ஈர்ப்பில் சிக்கி, நீள்வட்டப் பாதையில் எறியப்பட்டு, ஓத விசையால் பாதை சுருங்கியிருக்கலாம். தட்டிலேயே நகர்ந்து வந்திருந்தால் நட்சத்திரம் சுழலும் திசையிலேயேதான் சுற்ற வேண்டும். வாஸ்ப் 17 பி என்ற கோள் தன் நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது வழியிலும் உண்மை இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

உள்ளே வந்ததோடு எல்லாக் கோளும் நின்றுவிடுவதில்லை. வாஸ்ப் 12 பி ஒரு சுற்றை 26 மணி நேரத்தில் முடிக்கிறது. அந்த நேரம் வருடத்துக்கு 29 மில்லிவிநாடி குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் 30 லட்சம் வருடம் போல ஆனால், அது நட்சத்திரத்துக்குள்ளேயே போய்விடும்.