எல்லையில் பஸ் மாறுகிறவருக்கு: நேரடித் தடம் கேட்குமுன் நேரத்தைச் சேர்க்கக் கேளுங்கள்

பாலக்காட்டை ஒட்டிய தமிழ் ஊர்களில் பஸ் கேட்டு மனு எழுதினால் முதல் வரி பெரும்பாலும் 'நேரடி பஸ் வேண்டும்' என்பதுதான். கோரிக்கைகளிலேயே கிடைக்கத் தாமதமாவதும் அதுதான்.

காரணம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 88-ஆம் பிரிவு. ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் பக்கத்து மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்குள்ள போக்குவரத்து அதிகாரியிடம் மேலொப்பம் (எதிர்க்கையெழுத்து) வாங்க வேண்டும். எந்தத் தடம், எத்தனை பஸ், எத்தனை நடை (ட்ரிப்) என்பதை இரு மாநில ஒப்பந்தம் முடிவு செய்யும். அதன் வரைவை இரு அரசுகளும் அரசிதழிலும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அதற்குமுன் கிலோமீட்டர் பேரம் இருக்கிறது. நம் பஸ் அங்கே ஓடும் தூரத்துக்கு ஈடாக அவர்கள் பஸ் இங்கே ஓட வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லை கிட்டே. அங்கிருந்து பாலக்காடு அதைவிடத் தூரம். ஆகவே இந்தத் தடத்தில் நடைக்கு நடை என்று கொடுத்தால் கிலோமீட்டர் சமமாகாது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். திருவிழா போன்ற தேவைக்கு மட்டும் 87-ஆம் பிரிவில் 4 மாதம் வரையிலான தற்காலிக பெர்மிட் உண்டு. அதற்கும் அந்தப் பக்கத்து அதிகாரியின் இசைவு வேண்டும்.

எல்லை வரை வந்து தன் மாநிலத்துக்குள்ளேயே திரும்பிவிடும் பஸ்ஸுக்கு இந்த ஒப்பந்தம் தேவையில்லை. அந்த பஸ்களின் நேரத்தை இரு பக்கத்து டிப்போ மேலாளர்களும் பேசிச் சேர்க்கலாம். கேட்க வேண்டிய இடம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கத்து டவுன் பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து பஸ் 30 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நம் பஸ் 6:00, 6:20, 6:40-க்கு வருகிறது; அந்தப் பக்கம் 6:05, 6:35, 7:05-க்குக் கிளம்புகிறது. முதல் பஸ்ஸில் வந்தவருக்கு 5 நிமிடக் காத்திருப்பு, அடுத்தவருக்கு 15, மூன்றாமவருக்கு 25. இரு டிப்போவும் சொன்ன நேரத்துக்கு ஓட்டியும் இந்த நிலை, மணிக்கு மணி இதே வரிசை. 25 நிமிடம் நிற்கிறவர் ஆட்டோ பிடிப்பார். சில வாரத்தில் பைக் வாங்கிவிடுவார். பிறகு 'கலெக்‌ஷன் இல்லை' என்று அந்த நடையையே வெட்டுவார்கள்.

இரு பக்கத்து இடைவெளிகளில் சிறியது பெரியதைச் சரியாக வகுக்க வேண்டும்: 30-க்கு 30, 15-க்கு 30, 20-க்கு 40. மூன்று நடையை இரண்டாகக் குறைத்து 30-க்கு 30 ஆக்கினால் வழியோர ஊர்கள் சண்டைக்கு வரும், நியாயமான சண்டைதான். காலை, மாலை நெரிசலில் 15-க்கு 30 வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எல்லையில் பஸ் நிற்கும் நேரம். இரண்டு பஸ்ஸும் 00, 30-க்கு வந்து 07, 37-க்குக் கிளம்பினால் இரு திசையிலும் மாறலாம். அந்த 7 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போய்வர ஓட்ட நேரம் 50 நிமிடமானால், 7 போக மறுமுனையில் 3 நிமிடம் மிஞ்சும். ஒரு மணி நேரச் சுற்று தாங்கும். 58 நிமிடமானால் தாங்காது. இன்னொரு பஸ் சேர்த்துச் சுற்றை 90 நிமிடமாக்க வேண்டும். இதைப் பார்க்காமல் போட்ட அட்டவணை மத்தியானத்துக்குள் குலைந்துபோகும்.

கடைசி நடைக்குத் தனி விதி வேண்டும். பகலில் தவறவிட்டால் அரை மணி. இரவில் தவறவிட்டால் வீடு போக முடியாது. எதிர்ப்பக்க பஸ் 10 நிமிடம் வரை தாமதமானால் காத்திருப்பது என்று ட்ரிப் ஷீட்டிலேயே எழுத வேண்டும். வாய்மொழி ஏற்பாடு டைம் கீப்பர் மாறினால் போய்விடும்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் நேரடி பஸ் இருக்கும் தடத்திலும் எல்லை வரை டவுன் பஸ்ஸில் வந்து மாறுவது பெண்களுக்கு லாபம். பஸ் மாறும் வசதியைப் பேசும்போது முதலில் இவர்களை நினைக்க வேண்டும். நிழற்குடை, விளக்கு, கழிப்பறை எல்லாம் இதில் சேர்ந்ததே.

கேரளப் பக்கத்தில் தனியார் பஸ்கள் உண்டு. அவற்றின் நேரம் பெர்மிட்டோடு கட்டுப்பட்டது, வட்டாரப் போக்குவரத்து அதிகாரி (ஆர்.டி.ஓ.) கூட்டும் டைமிங் கூட்டத்தில்தான் மாற்ற முடியும். இரண்டு அரசு டிப்போக்கள் மட்டும் பேசி முடித்தால், தனியார் பஸ் 2 நிமிடம் முன்னால் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

விடுமுறைப் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். ஓணத்துக்கு அங்கே நடை குறையும், இங்கே உள்ளூர் விடுமுறை விட்டாலும் அத்தனை நாள் ஓயாது. பொங்கலுக்கு நேர்மாறு, பாலக்காட்டில் உள்ளூர் விடுமுறை விட்டாலும் இங்கே போல நாலு நாள் ஓயாது. ஐயப்ப சீசனில் பம்பைக்கு பஸ்கள் போவதால் நவம்பர் நடு முதல் ஜனவரி நடு வரைக்குத் தனி அட்டவணை வைத்துக்கொள்வது உத்தமம்.

செயலிகளுக்கு ஜி.டி.எஃப்.எஸ். (பஸ் நேரத்தையும் நிறுத்தத்தையும் செயலிகள் படிக்கும் பொது வடிவம்) கோப்பு தயாரிக்கிறவர்கள் இரண்டு பக்கத்து நிறுத்தத்துக்கும் இடையே மாறும் நேரத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். அது நொடியில் கேட்கும்: 5 நிமிடத்துக்கு 300. நள்ளிரவு தாண்டும் நடையை 24:20:00 என்று எழுத வேண்டும். 00:20:00 என்றால் முந்தின இரவுக்குப் போய்விடும். பாலக்காட்டுச் சித்தூருக்கும் ஆந்திரத்துச் சித்தூருக்கும் வேறு வேறு நிறுத்த எண் கொடுங்கள்.

மனு கொடுக்கும் ஊர்க்காரர்கள் ஒரு வாரம் குறிப்பெடுத்தால் போதும்: தேதி, பஸ் எண், வந்த நேரம், எதிர்ப் பஸ் கிளம்பிய நேரம், விட்டுப்போன ஆட்கள் எத்தனை. அதை ஒரே நாளில் இரண்டு டிப்போவுக்கும் இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் கொடுங்கள், பாலக்காட்டுக்குப் போகும் பிரதி மலையாளத்தில் இருக்கட்டும்.