நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்கான்

இரவுப் பணிக்குப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விடியும் நேரத்தில் முழிப்பு வருகிறது. ஃபேன் ஓடுவது தெரிகிறது. கை கால் அசையவில்லை, கத்தினால் குரல் எழும்பவில்லை, யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்கான் பேய் என்று அம்மா தலையணைக்கு அடியில் கத்தி வைத்திருக்கிறார். இது கனவா? இதற்கு அர்த்தம் உண்டா?"

கல்லூரி விடுதியில் எனக்கும் இரண்டு முறை வந்திருக்கிறது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக உருளும் ரெம் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும். அப்போது எழுப்பினால் பெரும்பாலானவர்கள் தெளிவான கனவு ஒன்றைச் சொல்வார்கள். சரி, கனவில் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம். கட்டிலை விட்டு ஏன் எழுந்து ஓடுவதில்லை?

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே இதைப் பூனைகளிடம் தேடினார். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் ஒரு சிறு இடத்தை மட்டும் சிதைத்தார். பூனை வழக்கம்போலத் தூங்கியது. ரெம் தூக்கம் வந்ததும் தலையைத் தூக்கியது, எழுந்து நின்றது, இல்லாத எலியைப் பதுங்கிப் போய்ப் பாய்ந்தது. கண்ணெதிரே இருந்த நிஜ உணவைச் சட்டை செய்யவில்லை. அந்தச் சிறு இடம்தான் இதுவரை அதைக் கட்டிப்போட்டிருந்தது!

அங்கிருந்து கிளம்பும் ஆணை முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருட்கள் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவிடுகின்றன. எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, வண்டி நியூட்ரலில் நிற்கிறது. விதிவிலக்கு கண் தசைகளும், மூச்சை நடத்தும் உதரவிதானமும். எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத ஏற்பாடு இது.

இந்தப் பூட்டு திறப்பதற்குள் மூளை விழித்துக்கொண்டால், அதுதான் அமுக்கான். விலா எலும்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. பயத்தைக் கையாளும் அமிக்டலா ரெம் தூக்கத்தின் வேகத்திலேயே இருக்கும். நெஞ்சு ஏறவில்லை, உடம்பு நகரவில்லை, பயமாக இருக்கிறது என்று மூன்று செய்திகள் வருகின்றன. மூளை அவற்றைக் கோத்து ஓர் ஆளை உருவாக்கி நெஞ்சின் மேல் உட்கார வைக்கிறது.

கனவே இப்படித்தான் உருவாகிறது என்று 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னார்கள்: மூளைத்தண்டிலிருந்து வரும் தாறுமாறான சமிக்ஞைகளுக்கு மூளை கட்டும் கதை. ஒளித்து வைத்த ஆசையின் மாறுவேடம் என்ற ஃப்ராய்டின் கருத்துக்கு இது நேரெதிர். முன்மூளையின் உட்பகுதி சிதைந்தவர்களுக்கு, ரெம் தூக்கம் இருந்தும் கனவு நின்றுபோவதை மார்க் சோம்ஸ் காட்டியபின், மூளைத்தண்டு மட்டும் போதாது என்பதும் தெளிவானது. ஆபத்துக்கான ஒத்திகை, நினைவுகளை அடுக்கும் வேலை என்று வேறு விளக்கங்களும் உண்டு. போட்டி இன்னும் முடியவில்லை.

கதைக்கு வேஷம் போடுவது அவரவர் ஊர். நமக்கு அமுக்கான். ஜப்பானில் 'கனஷிபாரி', உலோகத்தால் கட்டுண்ட நிலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து உட்காருவாள். அதனால்தான் 'பல் விழுந்தால் சாவு' என்று ஊருக்கெல்லாம் ஒரே பலன் எழுதும் கனவு சாஸ்திரத்தை நான் ஏற்பதில்லை. உங்கள் கனவுக்கு அர்த்தம் இருந்தால், அது உங்கள் நினைவுகளிலும் கவலைகளிலும்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூனைத் தூக்கத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. 1986இல் மினசோட்டாவில் ஷெங்க் குழுவினர், தூக்கத்திலேயே கனவை நடித்து அடித்து உதைக்கும் முதியவர்களைப் பற்றி எழுதினார்கள். ஜூவேயின் பூனை இல்லையென்றால் அது புரிந்திருக்காது. அப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து பார்க்கின்சன் நோய் வந்தது. இன்று அது அந்த நோயின் முன்னறிகுறி. தூக்க ஆய்வுக்கு நாம் இன்னும் தாராளமாகச் செலவிடலாம்.

வாசகருக்கு: தூக்கக்குறைவும், நேரம் மாறி மாறித் தூங்குவதும், மல்லாந்து படுப்பதும் இதை அதிகமாக்கும். பேய்க்குப் பயந்து முழித்திருந்தால் அடுத்த நாள் வாய்ப்பு இன்னும் கூடும். ஒருக்களித்துப் படுங்கள். தலையணைக்கடியில் இருக்கும் கத்தியை எடுத்துவிடுங்கள், தூக்கத்தில் கை பட்டுவிடும். அடிக்கடி வந்து, பகலிலும் தூக்கம் அடக்க முடியாமல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை வந்தால் கை காலோடு போராட வேண்டாம். கண்ணை மட்டும் இடமும் வலமும் உருட்டிப் பாருங்கள், அது உங்கள் பேச்சைக் கேட்கும்.