நன்கொடைக்காக முதல் மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு

“இன்னும் மூணு வாரம்தான் டாக்டர். ஓடி முடிச்சதும் நீங்க சொல்றதை எல்லாம் கேட்கறேன்.”

பிசியோதெரபிஸ்டாக இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அன்று சொன்னவர் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண். நோயாளிகளுக்கு நிதி திரட்டத்தான் முதல்முறையாக மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். சொந்தபந்தம், அலுவலகம் என்று எல்லோரும் பணம் போட்டிருந்தார்கள்.

அவர் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வந்ததும் ஓரிடத்தில் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். ஒரு நாணயத்தின் அளவுதான் இருக்கும் அந்த இடம். “ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்குதா?” என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, “பத்து நாளா” என்றார்.

எலும்போரம் நீளத்துக்கும் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் பயிற்சியைக் குறைத்தாலே சரியாகிவிடும். ஒரே புள்ளியில் வலி, ஓட ஓட ஏறுகிற வலி, ஓய்விலும் விடாத வலி என்றால் கதை வேறு. திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் உண்டாகும் நுண்விரிசலாக, அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக இருக்கலாம். ஆரம்பத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. இவருக்கும் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. அந்தக் காலோடு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் ஓடியிருந்தால் விரிசல் முழு முறிவாகியிருக்கக்கூடும்.

மூச்சும் இதயமும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். ‘மூச்சே வாங்கலையே, இன்னும் கொஞ்சம் ஓடலாம்’ என்று தோன்றும் காலத்தில்தான் எலும்பு பின்தங்கியிருக்கிறது. ஏற்கெனவே ஓரளவு ஓடுகிறவருக்கே 16 முதல் 20 வாரப் பயிற்சி வேண்டும். புதியவருக்கு இன்னும் கூடுதலாக.

நன்கொடைக்காக ஓடுகிறவர்களிடம் நான் அதிகம் பயப்படுவது காயத்துக்கு அல்ல, அதை மறைப்பதற்கு. தனக்காக ஓடுகிறவர் வலித்தால் நிறுத்திவிடுகிறார். ஊரார் பணத்தை வாங்கியவர் நிறுத்தக் கூசுகிறார். டெர்ரி ஃபாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1980-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பியவர், 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த நேர்ந்தது. மக்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி கனடிய டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுக்கிறவர்கள் நோயாளியை நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே நிதி கேட்கும் முதல் செய்தியிலேயே, ‘என்னால் ஓட முடியாமல் போனாலும் உங்கள் பணம் அவர்களுக்குப் போய்ச் சேரும்’ என்று எழுதிவிடுங்கள். அடிபட்டால் உங்கள் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும் முன்பே அமைப்பாளர்களிடம் கேளுங்கள்.

பந்தயத்தன்று இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். அது எச்சரிக்கையை அமுக்கிவிடும். நீண்ட ஓட்டத்தில் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் என்ற உப்புச்சத்தின் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு அதிகமாகக் குடித்ததே முக்கியக் காரணம். மெதுவாக ஓடும் புதியவர்கள் தண்ணீர் வைத்திருக்கும் இடமெல்லாம் நின்று குடிப்பார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். கூட ஓடுகிற யாருக்காவது தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால், நீர் வற்றிவிட்டது என்று நீங்களாகவே முடிவுகட்டி மேலும் குடிக்க வைக்காமல் உடனே மருத்துவக் குழுவிடம் கொண்டுபோங்கள்.

அந்தப் பெண் அந்த மாரத்தானுக்குப் போகவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு எழுத வேண்டிய செய்தியை என் அறையிலேயே உட்கார்ந்து, அழித்து அழித்து எழுதினார். எட்டு வாரம் ஓட்டமே இல்லை. முதலில் ஓய்வு, பிறகு நீச்சல். ஒன்பதாவது வாரம் மீண்டும் அதே இடத்தை அழுத்திப் பார்த்தேன். காலை இழுக்கவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அப்படிப் பத்து முறை என்று எழுதிக் கொடுத்தேன்.