நள்ளிரவில் எதற்குப் போன் அடிக்க வேண்டும்?

அலுவலகத்தின் சேர்வர்களையும், தரவைச் சேமிக்கும் ஸ்டோரேஜையும் பார்க்கிற எனக்கு, மாரி தொடங்கினால் நித்திரை குறைந்துவிடும். மட்டக்களப்பில் நவம்பர் மழையோடு கரண்ட் போய்வரும் ஒவ்வொரு தடவையும் கண்காணிப்புக் கருவியிடமிருந்து போனில் எஸ்எம்எஸ் கொட்டும். சேர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் சுவிட்சில் பதினாறு போர்ட் (கேபிள் செருகும் வாய்) என்றால், பதினாறும் விழுந்ததற்கு ஒவ்வொன்று, எழும்பியதற்கு ஒவ்வொன்று. ஒரு இரவு மனைவி, "அந்தப் போன நிப்பாட்டிட்டுப் படுங்களன்" என்றா. நிப்பாட்டினேன்.

அந்தக் குவியலுக்குள் ஒரு வரி கிடந்தது. டேட்டாபேஸ் சேர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையில் இருந்த இரண்டு பாதைகளில் ஒன்று போய்விட்டது. மல்டிபாத் என்ற மென்பொருள் மற்றப் பாதையால் வேலையை ஓட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்த மற்றப் பாதையின் சுவிட்சை அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்தோம். கவுண்டரில் சனம் நிற்க, சிஸ்டம் படுத்துவிட்டது.

பாதை போனதை அந்தக் கண்காணிப்புக் கருவி 'வார்னிங்' என்றுதான் போட்டிருந்தது. அதன் கணக்கில் சரி, தரவு ஓடிக்கொண்டுதானே இருந்தது. என் கணக்கு இப்போது வேறு: அடுத்ததும் போனால் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது என்றால் போன் அடிக்கட்டும். ஸ்பெயார் சில்லு இல்லாமல் மகா ஓயாக் காட்டு வழியால் இரவில் போகிறவனுக்கு, வாகனம் ஓடுகிறதே என்பது ஆறுதல் இல்லை.

இதே கணக்கில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் ரெயிட் 5இல் ஒரு டிஸ்க் போனால் எழும்புவேன். போனதன் தரவை வேறு டிஸ்க்கில் திரும்பக் கட்டும் ரீபில்ட் முடியுமுன் இன்னொன்று போனால் தரவு போச்சு. ரெயிட் 6 இரண்டைத் தாங்கும். அதில் ஒன்று போய், ஸ்பெயார் டிஸ்க் தானாகவே வேலையை எடுத்துக்கொண்டால் விடியட்டும். கருவிக்குள் இருக்கும் மின்விசிறிகளில் ஒன்று நின்றால் அதுவும் காலை வேலைதான்.

சேர்வர் அறையின் வெப்பநிலை அப்படி இல்லை, அதற்கு இரவிலேயே போன் அடிக்க வேண்டும். கரண்ட் போனால் யுபிஎஸ் சேர்வரைப் பிடித்துக்கொள்ளும், ஏசி அதில் இல்லை. ஜெனரேட்டர் எடுபடாவிட்டால் அறை சூளையாகிவிடும். வறண்டு சுடுகிற கச்சான் காற்றுக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

சிஆர்சி பிழை, அதாவது வழியில் பழுதாகி வந்த தரவு, அதன் எண்ணிக்கையில் பலர் ஏமாறுகிறார்கள். அது கூடிக்கொண்டே போகும் கவுண்டர், நாள் மாறியதும் பூச்சியம் ஆகாது. 1,400 என்று காட்டினால் அது இன்றையதா போன வருடத்தையதா என்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் எவ்வளவு கூடியது என்பதற்கே எச்சரிக்கை வையுங்கள். எங்களிடம் அப்படிக் கூடியபோது, ஃபைபர் கேபிளின் முனையைத் துடைத்ததோடு நின்றுவிட்டது. கழற்றிய மூடியை மேசையில் போட்டுவிட்டு, முனையைக் காற்றில் தொங்க விட்டிருந்தோம்!

சுவிட்ச் ஒன்றே விழுந்தால் அதன் போர்ட்கள் எல்லாம் தனித்தனியாகக் கத்தக்கூடாது. விழுந்தது சுவிட்ச் என்ற ஒரு செய்தி போதும்.

மேலதிகாரிக்கு எதை அனுப்புவது? எங்கள் சேர் முதலில் எல்லாம் வேண்டும் என்றார். ஒரு வாரத்தில் திறப்பதையே விட்டுவிட்டார். இப்போது அவர் முடிவெடுக்க வேண்டியது மட்டும் போகிறது. ஸ்டோரேஜ் 80 வீதம் தாண்டி நிரம்பினால் எனக்கு நித்திரை கெடத் தேவையில்லை, அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், இந்த வேகத்தில் எந்த மாதம் நிரம்பும் என்ற கணக்கோடு. டிஸ்க் வாங்கக் கோப்பு நகர எவ்வளவு நாள் என்று அவருக்குத்தான் தெரியும்.

எல்லாம் அமைத்த பிறகு, மற்றப் பாதை நலம் என்று உறுதிசெய்துவிட்டு, ஒரு கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நாங்கள் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். எஸ்எம்எஸ் வரவேயில்லை. அனுப்பும் மோடத்தின் சிம்மில் ரீலோட் முடிந்திருந்தது.