61-ஆம் பக்கத்தை யார் திருத்துவது?

தேனாம்பேட்டைக்காரர் ஒருவருக்கு அனுப்பிய பாலிசிக் கடிதம் தி.நகரில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பின்கோடை 600018 என்று சரியாகத்தான் அடித்ததாக அவர் அடித்துச் சொன்னார். எங்களிடம் பதிவாகியிருந்ததோ 600017.

அப்போது நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் படிவங்களுக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். காரணத்தைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பின்கோடு கட்டத்தை 'நம்பர்' வகையாக வைத்திருந்தோம். அந்தக் கட்டத்தில் கர்சர் இருக்கும்போதே, பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டினால் சில பிரவுசர்களில் எண்ணில் ஒன்று குறைந்துவிடும். உருட்டியவர் கண்ணுக்கு அது படவே படாது.

எங்கள் டிசைன் கையேட்டின் 61-ஆம் பக்கம் 'எண் வருகிற இடமெல்லாம் நம்பர் வகைக் கட்டம்' என்று சொல்லியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. சரி, பக்கத்தைத் திருத்தி, புது பி.டி.எஃப். எல்லோருக்கும் மெயில் போட்டோம். நாலு மாதம் கழித்து இன்னொரு குழுவின் படிவத்தில் அதே கோளாறு! அவர்கள் ஃபோல்டரில் இருந்தது பழைய பி.டி.எஃப். அதையும் யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய படிவத்திலிருந்து புரோகிராம் கோடை (code) அப்படியே காப்பி அடித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவசரத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

இதே நம்பர் கட்டம் பிரிட்டன் அரசையும் படுத்தியிருக்கிறது. அங்கே வழிகாட்டுதல் ஓரிடம், கோடு வேறிடம் என்று கிடந்ததை ஒன்றாக்கி, 2018-இல் கவ்.யூகே டிசைன் சிஸ்டத்தை, அதாவது அரசு இணையச் சேவைகளுக்கான பொதுவான வடிவமைப்புத் தொகுப்பை, வெளியிட்டார்கள். நம்பர் வகையை ஏன் கைவிட்டோம் என்று அந்தக் குழு 2020-இல் விளக்கியது. மவுஸ் சக்கரம் ஒரு காரணம். குரலால் தட்டச்சு செய்ய உதவும் டிராகன் மென்பொருளும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ.வும் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது மற்றொன்று. சாதாரண எழுத்துக் கட்டத்தையே வைத்து, போனில் எண் பலகை மட்டும் எழும்பும்படி செய்தார்கள். மாற்றம் கம்போனென்டுக்குள்ளேயே, அதாவது எடுத்துப் பொருத்தும் ஆயத்தத் துண்டுக்குள்ளேயே இருந்தால், அதை அப்படியே பயன்படுத்தும் சேவை புதுப் பதிப்புக்கு மாறும்போது அதுவும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் 61-ஆம் பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை.

பெயருக்கு முடிந்தவரை ஒரே கட்டம் போதும் என்பதும் அவர்கள் பேட்டர்னில், அதாவது அடிக்கடி வரும் தேவைக்கான தயார் தீர்வில் உண்டு. இனிஷியலோடு பிறந்து, 'லாஸ்ட் நேம் கட்டாயம்' என்ற சிவப்பு எழுத்தின் முன்னால் அப்பா பெயரைப் போடுவதா, புள்ளி வைப்பதா என்று முழித்த நமக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு நாங்களும் இப்படிப்பட்ட பேட்டர்ன்களைச் சேர்த்து ஒரு பேட்டர்ன் லைப்ரரி தொடங்கினோம். முதல் முயற்சி படுத்துவிட்டது. அழகான படங்களாக மட்டும் வைத்திருந்தோம், கோடு இல்லை. டெவலப்பர்கள் பார்த்துப் பாராட்டிவிட்டு, தங்கள் கட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். இரண்டாம் முறை பின்கோடு, பிறந்த தேதி, பெயர், மொபைல் எண், பிழைச் செய்தி ஆகிய ஐந்தை மட்டும் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஓடுகிற கோடு, எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பு, எந்தப் புகாரால் இப்படி ஆனது என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் வாக்குவாதங்களைக் குறைத்தது. பழைய பி.டி.எஃப்.பை சர்வரிலிருந்து அழிக்க மட்டும் மூன்று மீட்டிங் தேவைப்பட்டது, அது தனிக்கதை.

இன்னொன்றும் கவ்.யூகேயிடம் கற்றது: புது பேட்டர்னை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், பல துறைகளிலிருந்து வரும் ஒரு குழு பார்த்துச் சொல்லும். எங்களுக்கு வந்த முதல் திருத்தம் கிளெய்ம் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு டெவலப்பருடையது. போனிலிருந்து காப்பி செய்த எண் +91-ஓடும் இடைவெளியோடும் வருகிறது, நம் கட்டம் அதைத் தவறு என்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார், அப்புறம் கோடையும் அவரே அனுப்பினார். வியாழக்கிழமை பார்த்தோம். அடுத்த பதிப்பில், அந்தக் கட்டம் இருந்த ஒன்பது படிவங்களும் +91-ஐ ஏற்றுக்கொண்டன.